கேர் ஹோமில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? முதியவர்களைத் தூக்காமல் நகர்த்தும் வழிகள்

இங்கிலாந்தில் கேர் ஹோம் வேலைக்கு வரும் நம் ஆட்கள் பலருக்கும் வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது புதிதல்ல. படுக்கையில் கிடந்த பாட்டியையோ தாத்தாவையோ வீட்டில் யாராவது தூக்கி உட்கார வைத்ததைப் பார்த்திருப்பார்கள், தாங்களே செய்தும் இருப்பார்கள். இரண்டு அக்குளுக்கும் கீழே கையைக் கொடுத்து, மூச்சைப் பிடித்து ஒரே தூக்கு. வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் விட வேண்டிய பழக்கம் அதுதான்.

அந்தத் தூக்குக்கு இங்கே டிராக் லிஃப்ட் என்று பெயர். செய்யக்கூடாதவை என்று பயிற்சியில் ஒரு பட்டியல் காட்டுவார்கள், அதில் முதலில் இருப்பது இதுதான். வயதானவரின் தோள் மூட்டு அவருடைய முழு எடையையும் தாங்காது. பக்கவாதம் வந்த கையாக இருந்தால் தோள் நழுவியே போகலாம். அக்குள் வழியாகப் போகும் நரம்புகள் நசுங்கும். மெல்லிய தோல் கிழியும். தூக்குகிறவருக்கோ, குனிந்து, உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பியபடி பாரம் முழுவதும் இடுப்புக்கு வரும். முதியவர் தன் இரண்டு கைகளையும் உங்கள் கழுத்தில் கோத்துக்கொள்ள, நீங்கள் கட்டிப்பிடித்து எழுப்புவதும் அதே பட்டியலில் இருக்கிறது. அவர் கால் மடங்கினால் அவர் எடை முழுக்க உங்கள் கழுத்தில் தொங்கும், விடுவிக்கவும் முடியாது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ., கையால் தூக்கும் வேலைக்கு ஒரு வழிகாட்டு அளவு வைத்திருக்கிறது. சுமை உடம்பை ஒட்டி, இடுப்பு உயரத்தில் இருந்தால் ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ. கையை நீட்டினாலோ, குனிந்தாலோ, திரும்பினாலோ அந்த அளவு இன்னும் இறங்கும். அதுவும் பெட்டி மாதிரி அசையாமல் இருக்கும் சுமைக்குத்தான். அமெரிக்காவில் பணியிட ஆய்வு நிறுவனமான நையோஷ் சார்பில் 2007-இல் நோயாளிகளுக்கென்றே தனியாகக் கணக்குப் போட்டபோது, எல்லாம் சாதகமாக இருந்தால்கூட 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோவுக்கு மேல் கையால் தூக்க வேண்டாம் என்றார்கள். 70 கிலோ ஆளின் ஒரு கால் மட்டுமே 11 கிலோ வரும். சாக்ஸ் போடுவதற்காக அந்தக் காலை ஒரு கையில் ஏந்திக்கொண்டு குனிந்து நிற்பதே கணிசமான வேலை என்று இதிலிருந்து தெரியும்.

"முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை, அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் தூக்கலாம்" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முழங்காலை மடக்குவது நல்லதுதான். ஆனால் தூக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுப்பதால் மட்டும் முதுகுவலி குறைகிறதா என்று காக்ரேன் அமைப்பு 2011-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. தூக்குகிற வேலையையே குறைப்பதுதான் வழி. ஆகவே இந்த வேலையில் தெம்பு, பலம் எல்லாம் பின்னால்தான். முதியவர் தானே எவ்வளவு செய்வார் என்று பார்ப்பது, மீதியைக் கருவியிடம் விடுவது, நீங்கள் வழிகாட்டுவது என்ற வரிசையில் யோசித்துப் பழகுங்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 1992-ஆம் ஆண்டின் கையாளல் விதிகள் முதலாளிக்கு ஒரு வரிசை சொல்கின்றன: ஆபத்தான தூக்குதலைத் தவிர்க்க முடிந்தால் தவிர், முடியாவிட்டால் ஆபத்தை மதிப்பிடு, பிறகு அதைக் குறை. கொடுத்த கருவியைப் பயிற்சியில் சொன்னபடி பயன்படுத்துவது உங்கள் கடமை. தூக்கும் கருவிகளுக்கென்று 1998-இல் வந்த லோலர் விதிகளின்படி, ஆட்களைத் தூக்கும் இயந்திரமான ஹாய்ஸ்ட்டையும், அதில் ஆளை வைத்து மாட்டும் துணித் தொட்டிலான ஸ்லிங்கையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும்.

அதற்காக "நாங்கள் யாரையும் கையால் தொட்டுத் தூக்கவே மாட்டோம்" என்று ஓர் இல்லம் கொள்கை வைத்துக்கொள்ளவும் முடியாது. ஈஸ்ட் சஸெக்ஸ் கவுன்டி மீது இரண்டு மாற்றுத்திறனாளி சகோதரிகளின் சார்பில் நடந்த வழக்கில், 2003-இல் உயர் நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. பராமரிப்பவரின் உடல்நலம், பராமரிக்கப்படுபவரின் கண்ணியம் இரண்டையும் ஆளுக்கு ஆள் எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அறைக்குள் போவதற்கு முன்

கேர் பிளானை, அதாவது அந்த முதியவரை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிவைத்த திட்டத்தை, படியுங்கள். எல்லோரும் சொல்வதுதான், ஆனால் எதைத் தேடிப் படிப்பது என்று யாரும் சொல்வதில்லை. நகர்த்தல் பகுதியில் இவற்றைக் கண்டுபிடியுங்கள்: எத்தனை பேர் வேண்டும், எந்தக் கருவி, ஸ்லிங்கின் வகையும் அளவும், எந்த நிற வளையத்தை மாட்ட வேண்டும், எந்தப் பக்கம் பலவீனம், வலி எங்கே, அவரே எதைச் செய்வார். இவற்றில் ஏதாவது விடுபட்டிருந்தால் சீனியரிடம் கேட்டு எழுத வையுங்கள். "அவருக்கு எப்போதும் மீடியம்தான்" என்று வாய்வழியாக வரும் தகவலை நம்பி ஆளைத் தொங்கவிடக் கூடாது.

கேர் பிளான் போன மாதம் எழுதியதாக இருக்கலாம், முதியவர் இன்று காலை எப்படி இருக்கிறார் என்பது வேறு. பார்க்கின்சன் நோய் உள்ளவர்களிடம் இது பளிச்சென்று தெரியும். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் தானே எழுந்து நடப்பார், அடுத்த மாத்திரைக்கு அரை மணி முன்னால் அதே மனிதர் நாற்காலியோடு உறைந்துபோய் இருப்பார். சிறுநீர்த் தொற்று வந்தால் ஒரே இரவில் கால் பலமெல்லாம் போய்விடும். எழுப்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சின்னதாக ஒரு சோதனை செய்யுங்கள். உட்கார்ந்தபடியே ஒரு காலைத் தூக்கி முழங்காலை நீட்டச் சொல்லுங்கள், அப்புறம் அடுத்த கால். பிறகு கைப்பிடியை அழுத்திப் பிட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லுங்கள். இவை முடியாதவரை நிற்க வைக்க வேண்டாம். நர்ஸிடமோ சீனியரிடமோ சொல்லிவிட்டு வேறு வழி பாருங்கள்.

அறையில் கண்ணை ஓட்டுங்கள். தரைவிரிப்பு, மேசை, அழைப்பு மணியின் வயர், ஈரத் தரை. சிறுநீர் சேரும் கதீட்டர் பையை மறக்கவே கூடாது. கட்டில் கம்பியில் மாட்டிய பையைக் கழற்றாமல் ஆளை நாற்காலிக்கு நகர்த்தினால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. ஆக்ஸிஜன் குழாயும் அப்படியே. கட்டில், சக்கர நாற்காலி, கமோடு எல்லாவற்றின் பிரேக்கும் போட்டிருக்கிறதா என்று காலால் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் பக்கமும் கொஞ்சம். வழுக்காத, முன்பக்கம் மூடிய ஷூ. நகம் வெட்டியிருக்க வேண்டும். வளையலும் கல் வைத்த மோதிரமும் வீட்டில் இருக்கட்டும், முதியவரின் தோல் காகிதம் மாதிரி, உரசினாலே கிழியும். தாலிக்கொடி நீளமாக இருந்தால் சீருடைக்குள் செருகுங்கள். பயந்துபோனவர் கைக்கு எது அகப்படுகிறதோ அதைத்தான் பிடிப்பார். அடையாள அட்டையின் கயிறும் இழுத்தால் தானே கழலும் வகையாக இருக்க வேண்டும்.

சொல்லிவிட்டுத் தொடுங்கள்

கண்ணாடி போட்டிருக்கிறாரா, காதுக்கருவி காதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன்பக்கமாக வந்து, அவர் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். ஆளைப் பின்னாலிருந்து திடீரென்று சாய்ப்பதோ, எதுவும் சொல்லாமல் போர்வையை உருவுவதோ யாருக்கும் திகிலாகத்தான் இருக்கும். டிமென்ஷியா என்னும் மறதி நோய் உள்ளவருக்கு அது தாக்குதலாகவே படும், அடிக்கக்கூடச் செய்வார்.

டிமென்ஷியாவில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல் போதும். "முன்னால வாங்க." சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பத்து விநாடி மௌனம் நமக்கு நீளமாகத் தெரியும், அவருக்கு அந்தச் சொல் உள்ளே போய்ச் சேரவே அவ்வளவு நேரம் வேண்டும். அதற்குள் இன்னொரு கேரர் வேறொன்று சொன்னால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மட்டும் பேசுங்கள். லண்டனில் ஹேரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கத்து இல்லங்களில் தமிழ்ப் பெரியவர்களும் இருப்பார்கள். நினைவு குறையும்போது பின்னால் கற்ற ஆங்கிலம் முதலில் போய்விடுவது உண்டு. அவர்களிடம் "ஐயா, காலைக் கீழே வைங்க" என்று சொல்லிப் பாருங்கள், உடம்பு இளகுவது கைக்கே தெரியும்.

முடியாது என்று சொன்னால்? விலகி, பத்து நிமிடம் கழித்து வாருங்கள். அல்லது வேறொருவரை அனுப்புங்கள். முடிவெடுக்கும் திறன் உள்ளவர் மறுத்தால் மறுப்புதான். திறன் இல்லாதவர் விஷயத்தில் 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி அவருடைய நலனைப் பார்த்து முடிவெடுப்பார்கள், அந்த முடிவை நீங்கள் ஒருவராக அறையில் நின்று எடுக்க வேண்டாம். மறுத்ததைப் பதிவில் எழுதுங்கள்.

நாற்காலியிலிருந்து எழுப்புவது

ஒரு நாளில் அதிகமுறை செய்யும் வேலை இதுதான், எனவே இதை நன்றாகப் பழக வேண்டும். நாம் யாருமே நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்தபடி எழுவதில்லை. நீங்களே ஒருமுறை எழுந்து பாருங்கள்: பிட்டம் முன்னால் நகரும், கால் பின்னால் போகும், தலை முழங்காலைத் தாண்டி முன்னால் வரும், அதற்குப் பிறகுதான் உடம்பு எழும். முதியவருக்கும் அதே வரிசையைத்தான் அமைத்துக்கொடுக்கிறோம்.

முதலில் பிட்டத்தை நாற்காலியின் முன்விளிம்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கத்தை முன்னால் நகர்த்துவது, அப்புறம் மாற்றிச் செய்வது. இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், குதிகால் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால், இரண்டு காலுக்கும் இடையில் சிறிது அகலம். கை இரண்டும் நாற்காலியின் கைப்பிடியில் இருக்கட்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழ விடாதீர்கள், அது அவர் பக்கமாகவே சாயும். நின்ற பிறகுதான் வாக்கருக்குக் கை போக வேண்டும்.

நீங்கள் அவர் பக்கத்தில், கொஞ்சம் பின்தள்ளி, அவர் பார்க்கும் திசையிலேயே பார்த்து நில்லுங்கள். முன்னால் நின்றால் அவர் முன்னோக்கிச் சாய இடமே இருக்காது, அப்படிச் சாயாமல் அவரால் எழ முடியாது. ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அருகில் இருக்கும் உங்கள் கையை அவர் இடுப்பின் பின்புறம் குறுக்காக வையுங்கள். அவர் கைப்பிடியைவிட்டுக் கை எடுத்ததும், உங்கள் இன்னொரு கையின் உள்ளங்கையை அவர் உள்ளங்கையோடு தட்டையாக வைத்துத் தாங்குங்கள், கட்டைவிரலைக் கோத்துப் பிடிக்க வேண்டாம். கோத்துவிட்டால் அவர் விழும்போது உங்களையும் இழுப்பார், விரலும் போகும்.

"ஒன், டூ, த்ரீ" எண்ணுவதைவிட "ரெடி, ஸ்டெடி, ஸ்டாண்ட்" என்று சொல்லச் சொல்வார்கள். த்ரீ என்னும்போது எழுவதா, சொல்லி முடித்த பிறகு எழுவதா என்ற குழப்பம் இரண்டு கேரர்களுக்கு இடையிலேயே வரும். ஸ்டாண்ட் என்றால் எழு, அவ்வளவுதான். சொல்லும்போதே லேசாக முன்னும் பின்னும் அசைந்தால் அவருக்கு வேகம் கிடைக்கும். எழுந்ததும் உடனே நடக்க வைக்காமல் கொஞ்சம் நிறுத்துங்கள். தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள், படுத்து எழுந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்.

உட்கார வைக்கும்போது, இரண்டு கால்களின் பின்புறமும் நாற்காலியில் படும் வரை பின்னால் வரச் சொல்லுங்கள். பட்டதை அவர் உணர்ந்து, கையைப் பின்னால் கொண்டுபோய்க் கைப்பிடியைத் தொட்ட பிறகு உட்காரலாம். பாதிக்கும் மேற்பட்ட தடுமாற்றம் இந்தக் கடைசி இரண்டு அடியில்தான் வரும் என்பது என் அபிப்பிராயம். நாற்காலியைக் கண்டதுமே வந்து சேர்ந்துவிட்டோம் என்று எல்லோரும் நினைத்துவிடுகிறோம்.

படுக்கையில்

கட்டிலை உயர்த்தாமல் வேலை செய்கிறவர்களை நிறையப் பார்ப்பீர்கள். பொத்தானை அழுத்த ஆகும் இருபது விநாடியை மிச்சம் பிடித்து, கால் மணி நேரம் குனிந்து நிற்பார்கள். உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். இரண்டு பேரில் ஒருவர் குள்ளம், ஒருவர் நெட்டை என்றால் குள்ளமானவருக்கு ஏற்ற உயரத்தை வைப்பதே வழக்கம். வேலை முடிந்ததும் கட்டிலைக் கீழே இறக்கிவிட வேண்டும்.

முதியவர் கட்டிலில் சறுக்கிக் கீழே போய்விடுவதும், அவரை மேலே இழுப்பதும்தான் இங்கே ஓயாத வேலை. பாதி நேரம் நாமே சறுக்க வைக்கிறோம். தலைப்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் ஆள் வழுக்கிக்கொண்டு போவார். முதலில் முழங்கால் பகுதியைக் கொஞ்சம் மேலே மடக்குங்கள், அப்புறம் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். இறக்கும்போது முதலில் தலை, அடுத்து முழங்கால். இதை எல்லோரும் கடைப்பிடித்தாலே ஒரு ஷிப்டில் பல இழுப்பு குறையும்.

இழுக்க வேண்டியபோது படுக்கை விரிப்பைப் பிடித்து இழுக்காதீர்கள். விரிப்பில் தோல் ஒட்டிக்கொள்ள, உள்ளே எலும்பு நகர, நடுவில் உள்ள சதை இழுபடும், படுக்கைப்புண் அங்கே தொடங்கும். வழுவழுப்பான ஸ்லைட் ஷீட் இதற்காகவே இருக்கிறது. இரண்டு விரிப்பு ஒன்றின்மேல் ஒன்றாக, அல்லது குழாய் மாதிரி தைத்த ஒன்று. அவரை ஒரு பக்கம் திருப்பி, பாதி சுருட்டிய ஷீட்டை முதுகோடு ஒட்டி வைத்து, மறுபக்கம் திருப்பி விரித்துவிடுங்கள். தலை, தோள், இடுப்பு மூன்றும் ஷீட்டின்மேல் இருக்க வேண்டும், முடிந்தால் குதிகாலும். கட்டிலைத் தட்டையாக்குங்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று, மேல் ஷீட்டை அவர் உடம்புக்கு அருகில் பிடித்து, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றியபடி நகர்த்துங்கள். கை இழுக்கக் கூடாது, உங்கள் உடம்பு நகர்வதால் ஷீட் நகர வேண்டும். அவரால் முடிந்தால் முழங்காலை மடக்கிக் காலால் உந்தச் சொல்லுங்கள். பல பேர் நன்றாகவே உந்துவார்கள், யாரும் கேட்டதில்லை என்பதால் செய்யாமல் இருப்பார்கள்.

முடிந்ததும் ஸ்லைட் ஷீட்டை உருவி எடுத்துவிடுங்கள். கீழே கிடந்தால் ஆள் வழுக்கிக் கட்டிலைவிட்டே போகலாம். தரையில் விழுந்து கிடந்தால் மிதிக்கும் நீங்கள் வழுக்குவீர்கள்.

திருப்பிப் படுக்க வைப்பதற்கு: எந்தப் பக்கம் திருப்பப் போகிறீர்களோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பச் சொல்லி, தூரத்துக் கையை மார்பின் குறுக்கே வைத்து, தூரத்து முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை வைத்து உங்கள் பக்கமாகத் திருப்புங்கள். எதிர்ப்பக்கம் ஆள் இல்லாமலோ கம்பி ஏற்றாமலோ உங்களிடமிருந்து அப்பால் உருட்ட வேண்டாம்.

ஹாய்ஸ்ட்

நிற்கவே முடியாதவருக்கு ஹாய்ஸ்ட். முதல்முறை பார்க்கிறவர்களுக்குப் பயமாகத்தான் இருக்கும். பயிற்சியில் நீங்களே ஸ்லிங்கில் உட்கார்ந்து தொங்கிப் பார்க்கச் சொன்னால் தயங்காமல் போய் உட்காருங்கள். ஊசலாடும்போது வயிற்றில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் முதியவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது தானாக வரும். பெரும்பாலான இல்லங்களில் இதற்கு இரண்டு கேரர் என்பது விதி.

1. தொடுவதற்கு முன் பாருங்கள். பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா, சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தான் வெளியே இழுபட்ட நிலையில் இருக்கிறதா, மின்சாரம் நின்றால் கீழே இறக்கும் வழி எங்கே, ஆறு மாதச் சோதனை ஸ்டிக்கரில் தேதி தாண்டவில்லையா.

2. ஸ்லிங்கை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். தையல் பிரிந்திருந்தாலோ, வளையம் நைந்திருந்தாலோ, லேபிள் அழிந்து அளவு படிக்க முடியாவிட்டாலோ ஒதுக்குங்கள். ஹாய்ஸ்ட்டிலும் ஸ்லிங்கிலும் தாங்கும் எடை எழுதியிருக்கும், இரண்டில் எது குறைவோ அதுதான் எல்லை. நிறத்தை வைத்து அளவை முடிவு செய்யாதீர்கள், ஒரு கம்பெனியின் மஞ்சளும் இன்னொரு கம்பெனியின் மஞ்சளும் ஒரே அளவாக இருக்காது. சில ஸ்லிங்கில் துணி வளையம் இருக்கும், சிலவற்றில் ஆர்ஜோ நிறுவனத்தின் பல மாடல்களில் வருவதுபோலக் கிளிப் இருக்கும். கிளிப் ஸ்லிங்கை வளையத்துக்கான கொக்கியில் எப்படியாவது மாட்டிவிடலாம் என்று பார்க்க வேண்டாம்.

3. நாற்காலியில் இருப்பவரைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, ஸ்லிங்கை முதுகோடு கீழே இறக்குங்கள். கீழ்விளிம்பு வால் எலும்பு வரை வர வேண்டும். நடுத்தையல் முதுகுத்தண்டோடு ஒத்துப்போக வேண்டும். கால் பட்டைகளைத் தொடையின் வெளிப்புறமாகக் கொண்டுவந்து, தொடைக்கு அடியில் சுருக்கமில்லாமல் நுழைத்து, ஒரு வளையத்தை இன்னொன்றின் ஊடாகக் குறுக்கே எடுங்கள்.

4. ஹாய்ஸ்ட்டின் கால்களை அகட்டி, நாற்காலியைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். மேலே உள்ள குறுக்குக் கம்பி அவர் முகத்தில் இடிக்காமல் இரண்டாமவர் ஒரு கையால் பிடித்திருக்க வேண்டும்.

5. வளையங்களை மாட்டுங்கள். இடப்பக்கம் எந்த நிறமோ வலப்பக்கமும் அதே நிறம். தோளுக்குக் குட்டை வளையம், காலுக்கு நீள வளையம் போட்டால் நிமிர்ந்து உட்காருவார், மாற்றிப் போட்டால் சாய்ந்து போவார். எது வேண்டும் என்பது கேர் பிளானில் இருக்கும்.

6. பட்டைகள் இறுகும் வரை உயர்த்திவிட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு வளையமும் கொக்கிக்குள் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் தொட்டு எண்ணுங்கள். நாற்காலியைவிட்டுச் சில சென்டிமீட்டர் மட்டும் உயர்த்தி இன்னொரு முறை நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தாலோ, வலி என்றாலோ உடனே இறக்கி மறுபடி சரி செய்யுங்கள்.

7. பிரேக் விஷயம் புதியவர்களைக் குழப்பும். நாற்காலிக்குப் பிரேக் போட வேண்டும். ஹாய்ஸ்ட்டுக்கு, தூக்கும்போது பொதுவாகப் போடக் கூடாது. எடை ஏறும்போது அது தானாகக் கொஞ்சம் நகர்ந்து சமநிலைக்கு வர வேண்டும், தடுத்தால் கவிழும் ஆபத்து. உங்கள் இல்லத்தில் உள்ள மாடலின் கையேடு வேறுமாதிரி சொன்னால் கையேடுதான் சரி.

8. ஹாய்ஸ்ட்டில் வைத்து வராந்தாவில் ஊர்வலம் போகாதீர்கள். இது கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதற்கான கருவி. சக்கர நாற்காலியை அறைக்குள் கொண்டுவாருங்கள். இறக்கும்போது ஒருவர் பின்னால் நின்று, அவர் பிட்டம் நாற்காலியின் பின்பக்கத்தில் போய்ச் சேரும்படி வழிகாட்டுங்கள்.

கழிவறைக்கென்று பெரிய திறப்புள்ள ஸ்லிங் ஒன்று உண்டு. உடை கழற்ற வசதி என்பதால் அதையே எல்லோருக்கும் போடும் பழக்கத்தைச் சில இடங்களில் பார்க்கலாம். உடம்பைத் தானே நிமிர்த்தி வைக்க முடியாதவர் அந்தத் திறப்பின் வழியாகவே நழுவி விழலாம். மதிப்பிட்டு எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள்.

எழுந்து நிற்க உதவும் மெஷினான ஸ்டாண்ட் எய்ட் வேறு. கொஞ்சமாவது காலில் எடை தாங்குபவருக்கு, சொன்னதைக் கேட்டுக் கையால் பிடிக்கக்கூடியவருக்கு மட்டும் அது. கால் தாங்காதவரை அதில் மாட்டினால் பட்டை அக்குள் வரை ஏறி, அவர் அதில் தொங்குவார். நாம் விடச் சொன்ன டிராக் லிஃப்ட்டை மெஷின் செய்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

சக்கர நாற்காலியில் பாதம் வைக்கும் பலகை இல்லாமல் ஒரு அடிகூடத் தள்ள வேண்டாம். தரையில் உரசிய பாதம் சக்கரத்துக்கு அடியில் மடிந்துவிடும்.

விழுந்துவிட்டால்

விழுகிற ஆளைப் பிடிக்க முடியாது. பாயும் கை பாய்ந்துவிடும் என்பது தெரியும், ஆனாலும் பயிற்சியில் சொல்வார்கள்: தாங்கிப் பிடிக்கப் போனால் இரண்டு பேருக்கும் அடி. சுற்றி இருக்கும் சாமான்களைத் தள்ளிவிடுவதும், தலை இடிக்காமல் பார்ப்பதுமே செய்யக்கூடியது.

விழுந்தவரை உடனே எழுப்ப வேண்டும் என்ற அவசரம்தான் அடுத்த ஆபத்து. அவர் தரையில் கிடப்பதைப் பார்க்கவே நமக்கு மனம் கேட்காது. ஆனாலும் அப்படியே இருக்க விட்டு, கழுத்து வலி இல்லையென்றால் மட்டும் தலைக்குக் கீழே தலையணையும், மேலே போர்வையும் கொடுத்து, நர்ஸைக் கூப்பிடுங்கள். மூச்சு, நினைவு, ரத்தம் மூன்றும் முதலில். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். கழுத்திலோ முதுகிலோ வலி என்றால் அசைக்காதீர்கள். வார்ஃபரின், அபிக்சபான் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்குத்தான். இப்படிப்பட்டவற்றுக்கெல்லாம் 999-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

அடி எதுவும் இல்லை, அவரால் நகர முடியும் என்று நர்ஸ் பார்த்துச் சொன்னால், அவரே எழுந்திருக்க வழிகாட்டலாம். இரண்டு நாற்காலி கொண்டுவாருங்கள். முதலில் ஒரு பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லுங்கள். முழங்கையை ஊன்றி, அப்புறம் கையை ஊன்றி, தவழும் நிலைக்கு வரட்டும். முதல் நாற்காலியை அவர் முன்னால் வையுங்கள், இரண்டு கையையும் அதன்மேல் வைப்பார். பலமான காலை முன்னால் கொண்டுவந்து பாதத்தை ஊன்றுவார். உந்தி எழும்போது இரண்டாவது நாற்காலியை இன்னொரு கேரர் பின்னால் வைக்க, அதில் உட்கார்ந்துவிடுவார். எங்கேயும் நீங்கள் தூக்கவில்லை, நாற்காலியை நகர்த்தினீர்கள், சொன்னீர்கள். இடையில் களைத்தால் நிறுத்தி மூச்சு வாங்கட்டும். முடியாவிட்டால் ஹாய்ஸ்ட், அல்லது காற்று நிரப்பித் தூக்கும் மெத்தை.

"நானே சமாளிச்சிடுவேன்"

உண்மையில் முதுகு போவது பயிற்சி இல்லாததால் மட்டும் அல்ல. காலை எட்டு மணிக்குள் எல்லோரையும் எழுப்ப வேண்டும், ஒருவர் லீவ், ஹாய்ஸ்ட் இன்னொரு மாடியில் இருக்கிறது, கூட இருப்பவர் "இங்கே எல்லோரும் இப்படித்தான் செய்வோம், வா" என்கிறார். புதியவருக்கு, அதுவும் விசா ஸ்பான்சர்ஷிப்பில் வந்தவருக்கு, மறுக்க வாய் வராது.

சண்டையாக்காமல் சொல்ல ஒரு வழி உண்டு: கேர் பிளானைச் சாட்சிக்கு இழுங்கள். "அவருக்கு ரெண்டு பேர்னு எழுதியிருக்கு. நீங்க வர்ற வரைக்கும் நான் பக்கத்து அறையைப் பார்க்கிறேன்." இதற்கு எதிராகப் பேச யாராலும் முடியாது, ஏனென்றால் விழுந்து அடிபட்டால் முதலில் விசாரிப்பது கேர் பிளானைத்தான். ஆள் பற்றாக்குறை தொடர்ந்தால் மேனேஜருக்கு எழுத்தில் அனுப்புங்கள், ஒரு வரி மின்னஞ்சல் போதும். பெரிய, உடனடியான ஆபத்து என்று நியாயமாக நம்பி விலகுகிற ஊழியரை அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று 1996-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்கிறது. சந்தேகம் இருந்தால், வேலையிடப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் ஏகாஸ் அமைப்பின் இலவச ஆலோசனைத் தொலைபேசியில் கேட்கலாம்.

இரவில் தனியாக இருக்கும்போது கழிவறைக்குப் போக வேண்டும் என்று ரெசிடென்ட் அழுவார். இரண்டாமவர் வருவதற்குள் ஆகிவிடும் என்று தெரியும். அப்போதும் தனியாக எழுப்ப வேண்டாம். பேட் மாற்றிக்கொள்ளலாம், விரிப்பு மாற்றிக்கொள்ளலாம், மன்னிப்பும் கேட்டுக்கொள்ளலாம். அடிக்கடி அப்படி நடந்தால் அந்த நேரத்துக்கு முன்பே இருவராகப் போகும்படி இரவு அட்டவணையை மாற்றச் சொல்லுங்கள், அது நடக்கக்கூடிய காரியம்தான்.

முதுகில் சுரீர் என்றால் அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுங்கள். யாரை, எந்த அறையில், எத்தனை மணிக்கு, எதைச் செய்யும்போது, கூட யார் என்று எழுத வேண்டும். "வீட்டுக்குப் போய்த் தைலம் தேய்த்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து எழுந்திருக்க முடியாமல் போனால் அது வேலையில் வந்தது என்று காட்ட எதுவும் இருக்காது. வேலையில் நடந்த விபத்தால் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனால், பணியிட விபத்துகளைத் தெரிவிப்பதற்கான ரிடோர் விதிகளின்படி இல்லம் அதை எச்.எஸ்.இ.-க்குத் தெரிவித்தாக வேண்டும். குடும்ப மருத்துவரான ஜி.பி.-யிடம் போகும்போதும் அந்தப் பதிவின் நகல் கையில் இருக்கட்டும்.